பீரோ மேல் ஃப்ளாப்பிப் பெட்டி

எனக்கு என் சகலை மேல் பொறாமை. இதை நாகரிகமாகச் சொல்ல மனத்தாங்கல், ஆதங்கம் என்று வேறு வார்த்தைகள் இருக்கின்றன. எனக்கு அவை வேண்டாம். பூந்தமல்லியில் எங்கள் சபையில் அவர் கீபோர்டு முன்னால் உட்காரும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எனக்கு வயிறு எரிகிறது. ஆராதனை முடிந்து வெளியே வந்து எல்லோருக்கும் ஸ்தோத்திரம் சொல்லும்போதும் எரிகிறது.

அவர் என் மனைவியின் தங்கையைக் கட்டியவர். காட்டுப்பாக்கத்தில் நாலாவது மாடியில் ஃப்ளாட். நான் பாரிவாக்கத்தில், மழைக்குத் தண்ணீர் உள்ளே வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகிற தெருவில், தரைத்தளத்தில் இருக்கிறேன். அதற்காகவெல்லாம் பொறாமைப்படுகிற ஆள் இல்லை நான். ஃப்ளாட்டை அவரே வைத்துக்கொள்ளட்டும். அந்த நாற்காலிதான் என்னுடையது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஒரு வருஷ போனஸ் முழுவதையும் போட்டு நான் ஒரு கீபோர்டு வாங்கினேன். இரண்டு பேர் தூக்க வேண்டிய கனம். அதன் பக்கவாட்டில் ஒரு வாய் இருக்கும். அந்த வாயில் ஃப்ளாப்பி என்கிற உள்ளங்கை அகலத் தட்டைச் செருகினால், நாம் வாசித்தது அதில் பதிந்துகொள்ளும். முதலில் வயலின் கூட்டத்தை வாசித்துப் பதியலாம், பிறகு அதைக் கேட்டுக்கொண்டே மேலே புல்லாங்குழல், அதன் மேலே மணி. தனி ஆளாக உட்கார்ந்து ஒரு கச்சேரிக் குழுவையே உண்டாக்கலாம். அந்தப் பக்கத்தில் அப்படி ஒன்று யாரிடமும் இல்லை. அப்போது பொறாமைப்பட்டவர்கள் மற்றவர்கள்.

என் மகள் ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது ஒரு கல்யாணத்தில் மணப்பெண்ணுக்கு முன்னால் பூக்கூடை ஏந்திப் போனாள். நான் கீபோர்டில் இருந்தேன். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "என் கல்யாணத்துக்கும் நீதான வாசிப்ப?" ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ என் கைய யாரு புடிச்சிகினு வருவாங்க?" என்றாள்.

எங்கள் வழக்கத்தில் மணப்பெண்ணை ஆலய வாசலிலிருந்து பீடம் வரை அப்பாதான் கைபிடித்து அழைத்துவர வேண்டும். கூட்டம் எழுந்து நிற்கும். அந்த நடைக்கு ஓர் இசை வாசிப்பார்கள். ஒரே ஆள் நடக்கவும் வாசிக்கவும் முடியாதே. அந்த வாரமே நான் ஒரு மெட்டுப் போட ஆரம்பித்தேன். ஆறேழு சனிக்கிழமைகளில் ஒவ்வொரு வாத்தியமாக அடுக்கி, ஃப்ளாப்பியில் பதிந்து, இன்னொரு ஃப்ளாப்பியில் நகலும் எடுத்துவைத்தேன். கல்யாணத்தன்று பொத்தானை யாராவது அமுக்கினால் போதும். கீபோர்டு வாசிக்கும், நான் நடப்பேன். மெட்டு நடுவில் ஓர் இடத்தில் படியேறுவது மாதிரி மேலே போகும். நாங்கள் நடுவழிக்கு வரும்போது அது வர வேண்டும் என்று ஆலயத்தில் நடந்து பார்த்துக் கணக்குப் போட்டிருந்தேன்.

கேசட்டில் ஒரு பிரதி எடுத்துவைக்கச் சொன்னார்கள். கேசட்டில் இரைச்சல் வரும், என் மெட்டு அழுக்காகிவிடும் என்று மறுத்துவிட்டேன். அவ்வளவு திமிர்.

பிறகு காலம் மாறியது என்று எழுதுவார்கள். காலம் மாறவில்லை, சகலை ஒரு டேப்லெட் வாங்கினார். கூடவே ஒரு கைக்கு அடக்கமான கீபோர்டு. அதற்குச் சொந்தமாகக் குரலே கிடையாது. டேப்லெட்டில் இருக்கிற ஒரு ஆப்தான் அதற்குக் குரல். மாதாமாதம் சந்தா கட்டினால் உலகத்தில் உள்ள அத்தனை வாத்தியமும் வரும். தோளில் பையாக மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பாடகர் குழுவில் எல்லோரும் அதைச் சுற்றி நின்று வாய் பிளந்தார்கள். இரண்டு மாதம் போனதும் குழுத் தலைவர் என்னிடம் வந்து, "அண்ணே, நீங்க எவ்ளோ வருஷமா ஒழைச்சிட்டீங்க, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க" என்றார். இவ்வளவு மரியாதையாக யாரும் என்னை வெளியே அனுப்பியதில்லை.

கீபோர்டு வீட்டுக்கு வந்தது. அதனோடு சேர்ந்த இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளும் வந்தன. கடைகளில் ஃப்ளாப்பி கேட்டால் சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். போகட்டும், எனக்கு வேண்டியது ஒரே ஒரு நாள், ஒரே ஒரு மெட்டு. அந்த நாளில் அந்த நாற்காலியில் என் கீபோர்டு உட்காரும், சகலை பெஞ்சில் உட்காருவார். இதை நினைத்துக்கொண்டே பல ஞாயிறுகளை ஓட்டினேன்.

மகளுக்கு வரன் அமைந்தது. ஆலயத்தில் கல்யாண அறிவிப்பான ஓலை வாசித்த மறுநாள் ஃப்ளாப்பிப் பெட்டியை எடுத்துத் தூசி தட்டி, ஃப்ளாப்பியைச் செருகினேன். கீபோர்டு கரகரவென்று கொஞ்ச நேரம் மென்றது. 'டிஸ்க் எரர்' என்று காட்டியது. நகலைச் செருகினேன். அதே கதை. பெட்டியில் இருந்த மற்ற ஃப்ளாப்பிகளும் அப்படியே. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்கு எடுத்துப் போனேன். ஒருவர் ஒரு பழைய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, "இது கீபோர்டுக்காரன் தனியா பண்ண ஃபார்மேட்டு சார், நம்ம மிஷின் படிக்காது. படிச்சாலும் உள்ள ஒண்ணுமில்ல போல கீது. ஸ்பீக்கர்கிட்ட கிட்ட வெச்சிருந்தீங்களா?" என்றார்.

வைத்திருந்தேன். ஐப்பசி பிறந்தால் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் சாமான்கள் மேலே ஏறும். அரிசி, பள்ளிச் சான்றிதழ், மிக்ஸி, கல்யாண ஆல்பம் எல்லாம் பீரோ மேல், லாஃப்டு மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். பொங்கல் கழிந்தால்தான் இறங்கும். பாதி இறங்கவே இறங்காது. எங்கள் வீட்டில் ஸ்பீக்கர் பெட்டிகள் பீரோ மேல் ஏறின. இருப்பதிலேயே முக்கியமானது இருப்பதிலேயே உயரத்தில் இருக்க வேண்டும் என்று, ஃப்ளாப்பிப் பெட்டி ஸ்பீக்கர் மேல் ஏறியது. மனைவி ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள நான்தான் ஏற்றினேன். ஸ்பீக்கருக்குள் இருக்கும் காந்தம் ஃப்ளாப்பியைத் துடைத்துவிடும் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் வருகிறபோது காந்தமா நினைவுக்கு வரும்? ஒரு சொட்டுக்கூடப் படாமல் பத்திரமாக இருந்தது. உள்ளேதான் ஒன்றும் இல்லை.

அக்கா தங்கை போனில் பேசினால் காட்டுப்பாக்கத்துக்குச் செய்தி போக எவ்வளவு நேரம் ஆகும்? அன்று சாயங்காலமே சகலை பையோடு வந்து நின்றார்.

"இன்னா சகல, மூஞ்சி இப்டி தொங்குது? அந்த மெட்டுதான? எனக்கு தெரியும். நான் வாசிக்கறேன்" என்றார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"இன்னா இப்டி கேக்கறீங்க? கீபோர்டு வூட்டுக்கு வந்த புதுசுல, நான் எப்ப வந்தாலும் ஆன் பண்ணி மொதல்ல அதத்தான போடுவீங்க. காபி குட்ச்சிகினே எத்தினி வாட்டி கேட்டிருப்பேன்."

சாப்பாட்டு மேஜையில் டேப்லெட்டைச் சாய்த்து வைத்து, எந்தக் குறிப்பும் இல்லாமல் வாசித்தார். வயலின் நிஜ வயலினாக இருந்தது. மணி நிஜ மணியாக இருந்தது. நான் சனிக்கிழமை சனிக்கிழமையாகக் கட்டியதை அந்த மனுஷன் என் வீட்டு வடையைத் தின்றுவிட்டு ஒரே மூச்சில் வாசித்தார். நடுவில் மட்டும் மேலே ஏறாமல், அவர் பாட்டுக்குக் கீழே இறங்கினார்.

"அந்த இடம் தப்பு. மேலே போகணும்" என்றேன். ஒரு தப்பு கிடைத்ததே என்று எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

"தெரியும் சகல. சும்மா மாத்திப் பாத்தேன். நடந்து வர்றதுக்கு இது கொஞ்சம் நெதானமா கீதுன்னு."

நான் என் கீபோர்டைப் போட்டு, சரியானதை வாசித்துக் காட்டினேன். மகள் சமையலறை வாசலில் நின்று இரண்டையும் கேட்டாள். அவளுக்கு என்னை நோகடிக்க வேண்டும் என்று இல்லை. உண்மையாகத்தான் சொன்னாள்: "சித்தப்பா வாசிக்கறதே இருக்கட்டும்பா. அது கேட்டா அழுகை வருது."

கல்யாணத்தன்று வாசலில் அவள் கை என் முழங்கைக்குள் இருந்தது. ஜில்லென்று இருந்தது. கூட்டம் எழுந்து நின்றது. முதல் சுரம் வந்தது. ஒரு தகப்பன் அந்த நேரத்தில் என்னவெல்லாம் நினைக்க வேண்டும்! நான் சகலையின் முதுகைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். நடுவழியில் மெட்டு கீழே இறங்கியது. அவள் என் கையை இறுக்கினாள். பக்கத்து வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். என் மெட்டு மேலே ஏறியிருந்தால் அவள் அப்படி இறுக்கியிருப்பாளா என்று பீடம் வரை யோசித்துக்கொண்டே போனேன். போதகர் "இந்தப் பெண்ணைக் கொடுப்பது யார்?" என்று இரண்டாம் முறை கேட்டபோதுதான் எனக்குக் காதில் விழுந்தது.

விருந்தில் எல்லோரும் சகலையின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் ஒவ்வொருவரிடமும், "நம்முது இல்லீங்க, எங்க சகலையோட மெட்டு. நான் சும்மா வாசிச்சேன்" என்றார். அவர்கள் இன்னும் அதிகமாக அவரைப் பாராட்டினார்கள். எவ்வளவு நல்ல மனசு என்றார்கள். மெட்டைத் தனதென்று சொல்லியிருந்தால் நான் அவரோடு ஒரு சண்டையாவது போட்டிருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டார்.

வீடியோ வந்தபோது, நாங்கள் நடக்கும் இடம் முழுவதும் வீடியோக்காரர் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு மூடியிருந்தார். அசல் சத்தம் வேண்டும் என்றேன். அதெல்லாம் அப்போதே அழித்தாயிற்று என்றார். போனில் எடுத்தவர்கள் ஸ்டேட்டஸில் வைத்தார்கள். மறுநாள் அது போயிற்று. கேட்டால், போனில் இடமில்லை என்று எடுத்துவிட்டோம் என்றார்கள்.

பரவாயில்லை, அவர் டேப்லெட்டில் பதிந்து வைத்திருக்கிறாரே என்று மனைவி சொன்னாள். அதைக் கேட்டு வாங்குவதற்கு எனக்கு வாய் வரவில்லை. பிறகு கேட்கலாம், பிறகு கேட்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சகலை டேப்லெட்டைத் தட்டினார், சத்தம் வரவில்லை. அந்த ஆப்பை நடத்தியவர்கள் சேவையையே மூடிவிட்டார்களாம். முன்பே அறிவிப்பு வந்திருக்கிறது. அவர் விளம்பரம் என்று நினைத்து விட்டுவிட்டார். அதில் சேமித்ததெல்லாம் எங்கேயோ அவர்கள் கம்ப்யூட்டரில் இருந்திருக்கிறது, அதுவும் போயிற்று. அன்று வாத்தியம் இல்லாமல், வெறும் கைத்தட்டலோடு பாடினோம். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆராதனையில் அத்தனை சத்தமாக நான் என்றுமே பாடியதில்லை.

மறுநாளே சகலை வீட்டுக்கு வந்தார். பை இல்லை. அவரை வெறும் தோளோடு பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

"உங்க கீபோர்டு ஆன் ஆவுதா சகல?"

"ஏன் ஆகாது?"

"அதான். அது எவனையும் கேக்காம ஆன் ஆவுது. நாம கட்டின சந்தாவுக்கு நாலு வருஷத்துல கையில ஒண்ணுமில்ல." தலையைச் சொறிந்துகொண்டார். "பாப்பா மெட்டும் அதுல போயிடுச்சி. நீங்க ஒருவாட்டி வாசிங்க, போன்ல புடிச்சிக்கலாம். உங்கள்து எப்டியோ அப்டியே வாசிங்க."

இதற்காகத்தான் நான் இத்தனை வருஷம் காத்திருந்தேன். போர்வையை விலக்கி, பிளக்கைச் சொருகி, நாற்காலியை இழுத்துப் போட்டு ராஜா மாதிரி உட்கார்ந்தேன். அவர் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். வாசித்தேன். நடு இடம் வந்தது, கடந்தது. சகலை போனை இறக்கினார்.

"சகல, கீழ எறங்கறீங்க. அது நான் மாத்தினது. உங்கள்து மேல போவும்."

மறுபடி வாசித்தேன். மறுபடியும் விரல் கீழே இறங்கியது. மூன்றாம் முறை நிறுத்தி, நிதானமாக மேலே போகப் பார்த்தேன். எந்தச் சுரத்திலிருந்து ஏறினேன் என்று தெரியவில்லை. என் மகளோடு நான் நடந்தது அந்த இறக்கத்தில்தான். காலுக்கு அதுதான் தெரிகிறது, கைக்கும் அதுதான் வருகிறது.

சகலை என் தோளுக்கு மேலாகக் குனிந்து, ஒரு கையால் வாசித்தார். ஒவ்வொரு படியாக மேலே ஏறியது. அதேதான். ஆறேழு சனிக்கிழமைகள் போட்டு நான் கட்டியது, ஒரு சுரம் பிசகாமல்.

"இதயே புடிச்சிக்கலாமா?" என்றார்.

"வேண்டாம். நானே ஞாபகப்படுத்திக்கிட்டு வாசிச்சி அனுப்பறேன்" என்றேன்.

அவர் போய்விட்டார். தினமும் சாயங்காலம் உட்காருகிறேன், தினமும் கீழேதான் இறங்குகிறது. ஒரே ஒரு போன் போட்டால் போதும், பாடியே காட்டிவிடுவார். இன்னும் போடவில்லை.