சேவூர்ச் சாலையில் பிரேக் ஹோல்டும் ஓர் எலுமிச்சம்பழமும்

புது மின்சாரக் கார் வாங்கி மூன்று வாரமாகியும் பூஜை போடவில்லை என்று மனைவி தேன்மொழி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பனியன் கம்பெனி வேலையில் எனக்கு மூச்சுவிட நேரமில்லை. தீபாவளி விடுமுறையில்தான் கிளம்ப முடிந்தது. திருப்பூரிலிருந்து அவிநாசி வழியாகச் சேவூர். அதைத் தாண்டினால் எங்கள் கருப்பராயன் கோயில். ஒரு வழிக்குச் சுமார் 25 கிலோமீட்டர். காலை ஏழு மணிக்குப் புறப்பட்டோம்.

விடுமுறைத் திருப்பூரைப் பார்த்திருக்கிறீர்களா? தெற்கத்திக்காரர்களும் வடநாட்டுக்காரர்களும் ஊருக்குப் போய்விட, மெஷின் சத்தம் அடியோடு அடங்கிவிடும். காரிலும் சத்தமில்லை. நடுரோட்டில் முதுகைக் காட்டிப் படுத்திருந்த நாய், டயர் அருகில் போகும்வரை காதைக்கூட அசைக்கவில்லை. எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"ஏனுங்க, நாம வர்றது ஒருத்தருக்குமே தெரியலீங்களே," என்றாள் தேன்மொழி.

பேச்சை மாற்ற, வண்டியின் வித்தைகளைக் காட்டினேன். ஊருக்குள் ஈக்கோ மோட், மிதித்தாலும் நிதானம்தான். அவிநாசிக்கு அப்பால் ஸ்போர்ட்; தொட்டாலே பாயும். பிரேக் ஹோல்டு என்றால், பிரேக்கை அழுத்தி மிதித்துவிட்டுக் காலை எடுத்துவிடலாம். வண்டி தானே நிற்கும். ஆக்சிலரேட்டரில் கால் பட்டால் கிளம்பிவிடும்.

"அற்பனுக்கு வாழ்வு வந்தா..." என்று ஆரம்பித்தவள், மீதியைச் சொல்லாமல் விட்டாள்.

கோயிலில் பூசாரியைத் தவிர ஆளில்லை. தேங்காய் உடைத்ததும், "வண்டியக் கொஞ்சம் முன்னால கொண்டாந்து நிறுத்துங்க சாமி," என்றார். நான் மட்டும் ஏறி, இரண்டடி நகர்த்தி, பிரேக்கை மிதித்துக் காலை எடுத்தேன்.

"வண்டி நின்னுருச்சுங்களா?"

"நின்னுருச்சுங்க."

நம் பேச்சில் வண்டி நின்றுவிட்டது என்றால் இன்ஜினும் அணைந்துவிட்டது என்று பொருள். அவர் கேட்டது அதை. நான் சொன்னது சக்கரத்தை. சத்தமில்லாததால் அவரும் நம்பிக் குனிந்து, எலுமிச்சம்பழத்தை முன்சக்கரத்தின் அடியில் விரலால் தள்ளினார்.

ஜன்னல் வழியே தேன்மொழி கற்பூரத் தட்டை நீட்டினாள். கண்ணில் ஒற்றிக்கொள்ளத் திரும்பியபோது என் வலது கால் ஆக்சிலரேட்டர் பக்கம் நகர்ந்தது. தற்செயலாகத் திரையைப் பார்த்தேன். 'ஹோல்டு' என்று பச்சையாக எரிந்தது. கியர் ஓடத் தயாரான 'டி'யில், மோட் இன்னும் ஸ்போர்ட்டில். பூசாரியின் தலை பானட்டுக்குக் கீழே மறைந்திருந்தது. காலை மெல்ல இழுத்துப் பிரேக்கை மிதித்து, பார்க்கிங்குக்கான 'பி' பட்டனை அழுத்தினேன். வண்டி லேசாகக் குலுங்கியது.

பூசாரி வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டு எழுந்தார்.

"நின்னுருச்சுன்னீங்களே?"

"நின்னுதானுங்க இருந்துச்சு."

விரல்களை விரித்து மடக்கிப் பார்த்தார். "நின்னுதான் இருந்துச்சுங்க. ஆனா முழிச்சுக்கிட்டு இருந்திருக்குது."

நான் அணைத்துவிட்டு இறங்கி நின்ற பிறகுதான் அடுத்த பழத்தைத் தொட்டார்.

பூஜைக்குப் போகிறவர்கள் அதையே செய்யுங்கள். பழம் வைத்து முடித்துப் பூசாரி தள்ளி நின்றபின் ஏறினால் போதும். கோயில் வாசலுக்கு ஈக்கோ மோடே தாராளம். போக வர 17 சதவீதம் சார்ஜ் செலவானது. வழியில் சார்ஜர் தேட வேண்டியதில்லை.

திரும்பும்போது அவிநாசி சிக்னலில் ஹோல்டு போட்டேன். கைக்குழந்தையோடு ஒரு பெண் எங்கள் பம்பரை உரசினாற்போல் கடந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பிரேக்குல கால் வெச்சிருக்கீங்களா?" என்றாள் தேன்மொழி.

வைத்தேன். அந்தப் பெண் அக்கரை சேர்ந்த பிறகும் எடுக்க மனம் வரவில்லை.