கறிவேப்பிலைச் செடியடியில் கிடந்த மாத்திரை

2017-ம் வருடம் மாசி மாதம். நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்கள் குவார்ட்டர்ஸில் நடந்தது இது. அப்போது என் கணவர் நிலக்கரி மைன்ஸில் பர்மனென்ட். மகள் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அறை காலியாக இருந்ததால், என் தம்பியைக் கூட்டி வந்து அதில் தங்க வைத்திருந்தோம்.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சந்தேக புத்தி ஜாஸ்தி. பால்காரர் ஊற்றிவிட்டுப் போனதும் பாலை விரலில் தொட்டுப் பார்ப்பேன். கடையில் நிறுத்து வாங்கிய வெங்காயத்தைப் பக்கத்துக் கடைத் தராசில் ஒரு தடவை வைத்துப் பார்ப்பேன். "உன்னை மைன்ஸ் கேட்ல செக்கிங்குக்கு நிறுத்தினா ஒரு நட்டு, போல்ட்டுகூட வெளிய போகாது" என்று என் கணவர் கிண்டல் செய்வார். நான் அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

தம்பிக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. கல்யாணம் ஆகவில்லை. மைன்ஸில் மண் கொட்டுகிற இடத்தில் கான்ட்ராக்ட் வேலை. அதற்கு முந்தின வருடம் விடாமல் காய்ச்சல் அடித்து, ஆள் பாதியாக இளைத்து, கடைசியில் ரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. என்று வந்தது. மாதம் ஒரு முறை கடலூர் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் மாத்திரை வாங்கி வர வேண்டும். எங்கள் ஊர் முத்தாண்டிக்குப்பம் பக்கம். அங்கே சித்தப்பா, பெரியப்பா குடும்பங்கள் எல்லாம் ஒரே வாசலில் புழங்குகிற வீட்டில் அந்த மாத்திரை பாட்டிலை எங்கே ஒளிப்பது? அதனால்தான் எங்களிடம் வந்தான்.

வந்த அன்றைக்கே, இந்த நோய் எப்படி வந்தது என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான். இன்று வரைக்கும் சொல்லவில்லை. என் மாதிரி ஆளுக்கு அது ஒன்று போதாதா? அன்றிலிருந்து அவன் எது சொன்னாலும் அதற்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது என்றே எனக்குத் தோன்றும்.

எச்சிலால் பரவாது, தொட்டால் பரவாது என்றெல்லாம் போஸ்டரில் படித்திருக்கிறேன். இருந்தாலும் அவனுடைய தட்டையும் டம்ளரையும் தனி அலமாரியில் வைத்தேன். கேட்டால், "உனக்குத்தான் கிருமி ஒட்டக் கூடாது, அதுக்குத்தான்" என்று சொல்லிச் சமாளித்தேன். அவன் நம்பியிருக்க மாட்டான்.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்த நாலைந்து மாதத்தில் காய்ச்சல் நின்றுவிட்டது. முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. "ரத்தத்துல நோயை எதுக்கிற அணு எண்ணிக்கை ஏறியிருக்குதாம்க்கா, டாக்டரம்மா சொன்னாங்க" என்று சிரித்தான். அந்தச் சந்தோஷம் பத்து நாள்கூட நிற்கவில்லை. வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, வாரக்கணக்கில். கொல்லைப்புறம் இருக்கிற கழிவறைக்குத் தகரக் கதவு. தாழ்ப்பாள் போட்டால் அடுப்படி வரைக்கும் சத்தம் கேட்கும். நான் சமைத்துக்கொண்டே எண்ணுவேன். "இன்னைக்கு இது அஞ்சாவது தடவை" என்று அவன் வெளியே வரும்போது சொல்லவும் செய்வேன்.

ரத்தம் நன்றாக இருக்கிறது என்கிறான், வயிறு இப்படிப் போகிறது. இரண்டும் எப்படி ஒன்றாக இருக்கும்? எனக்குக் கணக்கு உதைத்தது. ஒன்று, மாத்திரையைச் சாப்பிடாமல் ஏமாற்றுகிறான். இல்லாவிட்டால் வெளியே எங்கோ குடிக்கிறான். வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றிப் போட்டால் எடுத்து மோந்து பார்ப்பேன். மண் வாசனைதான் வரும். பாக்கு எதையாவது மென்று வாசனையை மறைக்கிறான் போல என்று நினைத்துக்கொள்வேன்.

மாத்திரையை அவன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டுதான் போடுவான். பாட்டிலில் ஒட்டியிருந்த லேபிளைக் கிழித்துவிட்டு, பாட்டிலையும் ஆஸ்பத்திரி நோட்டையும் ஒரு சின்ன டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுவான். அக்கம் பக்கத்துப் பெண்கள் வந்து போகிற வீடு, அதனால்தான் பூட்டுகிறான் என்று என் கணவர் சொன்னார். சொந்த அக்காவிடம் எதற்குப் பூட்டு என்று நான் கேட்டேன். அவன் மாத்திரை எப்படி இருக்கும் என்று அதுவரை நான் பார்த்ததே இல்லை.

நாளாக ஆகச் சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு எழுந்துபோக ஆரம்பித்தான். கன்னம் மறுபடி ஒட்டியது. இதற்கு நடுவில் பக்கத்து பிளாக் பெண் ஒருத்தி, "உங்க தம்பியை வடலூர்ல பார்த்தேனே, மத்தியானம் பஸ்ஸை விட்டு இறங்கி எங்கியோ வேகமா போனாரு" என்றாள். அது அவன் கடலூருக்கு மாத்திரை வாங்கப் போன நாள். வடலூரில் அவனுக்கு என்ன வேலை? ஆஸ்பத்திரிக்கே போகவில்லையோ? யாரைப் பார்க்கப் போனான்? அன்று சாயங்காலம் அவன் வந்ததும் கேட்டேன். "சும்மாதான்க்கா இறங்கினேன்" என்றான். சும்மா இறங்குகிறவன் வேகமாக ஏன் போக வேண்டும்?

அந்த வாரம்தான் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது அதைப் பார்த்தேன். கொல்லையில் துவைக்கிற கல்லை ஒட்டி ஒரு கறிவேப்பிலைச் செடி உண்டு. அதன் அடியில் ஈர மண்ணில் வெள்ளையாக ஒரு மாத்திரை, பாதி கரைந்து கிடந்தது. குச்சியால் மண்ணைக் கிளறினேன். இன்னொன்று, ஊறி உப்பி, ஓரம் மட்டும் உதிர்ந்து முழுசாகவே கிடைத்தது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த மாதிரி ஒரு சந்தோஷம் வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சந்தோஷம்தான் வந்தது.

தம்பியை உட்கார வைத்து, "நீ மாத்திரையை ஒழுங்கா சாப்பிடலைன்னு எனக்குத் தெரியும். அடுத்த தடவை கடலூருக்கு நானும் வரேன். டாக்டர் முன்னாடி பேசிக்கலாம். நீ ஏமாத்தறது நெசம்னா இந்த வீட்டுல உனக்கு இடமில்லை" என்றேன்.

அவன் சண்டை போடவில்லை. "சரிக்கா" என்று மட்டும் சொன்னான். எங்கள் வீட்டை விட்டால் அவன் ஊருக்குத்தான் போக வேண்டும். அங்கே போனால் ஒரே வாரத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், மாத்திரையும் நின்றுவிடும். அது எனக்குத் தெரிந்துதான் சொன்னேன்.

குறித்த நாளில் இருவரும் பஸ் ஏறினோம். என் பையில் காலண்டர் தாளில் மடித்து வைத்த மாத்திரை. வழி நெடுக அவன் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். பயத்தில்தான் பேசாமல் வருகிறான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. முதலில் தம்பியைப் பார்த்து, "இவங்க கூட இருக்கலாமா?" என்று கேட்டார். "அக்காதாங்க, இருக்கட்டும்" என்றான். அவன் அப்படிச் சொன்ன அடுத்த நிமிஷமே நான் காலண்டர் தாளைப் பிரித்து மேஜையில் வைத்தேன். "இவன் மாத்திரையைச் செடியில தூக்கிப் போட்டுட்டு உங்களையும் எங்களையும் ஏமாத்தறான் டாக்டர். ஓயாம வயித்தால போகுது, ஆள் உருகிட்டே போறான்" என்று மூச்சு விடாமல் சொல்லி முடித்தேன்.

டாக்டர் அந்த மாத்திரையைப் பார்த்தார். பிறகு தம்பி கொண்டு வந்திருந்த பாட்டிலைத் திறந்து, மிச்சமிருந்த மாத்திரையில் ஒன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். நீளமாக, என் சுண்டு விரல் நுனி அளவுக்குப் பெரிதாக இருந்தது. நான் கொண்டு போனது ஊறி உப்பியும் அதில் பாதிகூட இல்லை. வட்டமாக இருந்தது.

"இது நாங்க கொடுக்கிறது இல்லையேம்மா. பி.பி. மாத்திரை மாதிரி தெரியுது. வீட்டுல வேற யாராவது மாத்திரை சாப்பிடறாங்களா?"

தினமும் சாயங்காலம் டீயோடு என் கணவருக்கு நானே அட்டையைப் பிரித்து உள்ளங்கையில் வைக்கிற மாத்திரை அது. டீ டம்ளரோடு அவர் போய் நிற்கிற இடம் அந்தக் கறிவேப்பிலைச் செடிதான். என் கையால் கொடுத்த மாத்திரையையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. தெரிந்துகொள்ள நான் விரும்பவும் இல்லை. தம்பிதான் திருடன் என்று எப்போதோ முடிவு கட்டியிருந்தேன்.

டாக்டர் என்னை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினார். "இத்தனை நாளா வயித்தால போகுதுன்னு என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டார்.

"நீங்களும் மாத்திரை சாப்பிடலைன்னு நெனச்சிக்குவீங்கன்னுதாங்க சொல்லலை" என்றான்.

"மாத்திரை சாப்பிடாம இந்த எண்ணிக்கை ஏறாதுப்பா. நோட்டுல இருக்கே" என்று சொல்லிவிட்டு, டாக்டர் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து விளக்கினார். அவர் சொன்னதை எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன். நம் உடம்பைக் காக்கிற அணுக்கள் ரத்தத்தில்தான் அதிகம் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அதில் பெரும்பங்கு இருப்பது குடலின் உள்பக்கத்தில் ஈரமாக இருக்கிற மெல்லிய சவ்வில். சாப்பாட்டோடு எத்தனையோ கிருமிகள் வந்து போகிற பாதை என்பதால் அங்கேதான் காவல் ஜாஸ்தி. எச்.ஐ.வி. எந்த வழியாக உடம்புக்குள் வந்தாலும், வந்த சில வாரங்களிலேயே அந்தக் காவலைத்தான் முதலில் காலி செய்கிறது. ஆளுக்கு ஒன்றுமே தெரியாத நாட்களிலேயே அது நடந்து முடிந்துவிடுமாம். பிறகு மாத்திரை சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமி அடங்கும், எண்ணிக்கை ஏறும். ஆனால் குடலில் அவ்வளவு சீக்கிரம் எதுவும் திரும்பி வராது. சிலருக்கு முழுசாகத் திரும்பாமலே போகும். காவல் இல்லாத சவ்வு வழியாக வேண்டாததெல்லாம் ரத்தத்தில் கசிய, உடம்பு எப்போதும் எதனுடனோ சண்டை போட்டுக்கொண்டே இருக்கும்.

"நாம பார்க்கிறது ரத்தத்தை மட்டும்தாம்மா. குடலை யார் தினமும் எட்டிப் பார்க்க முடியும்? அதுக்காக இதுதான் காரணம்னு விட்டுடவும் முடியாது. வேற தொத்து இருக்கான்னு மலத்தை டெஸ்ட் பண்ணணும்" என்றார்.

தம்பி திடீரென்று, "நம்ம மைன்ஸ்ல கரி எடுத்துட்டு மண்ணக் கொட்டி மூடுறோமில்லைங்க, அதுமாதிரி. மேல பார்த்தா சமமாத்தான் இருக்கும். செடி வச்சி நாலஞ்சு வருசம் கழிச்சிதான் புல்லே பிடிக்கும்" என்றான்.

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேஜை மேல் இரண்டு மாத்திரைகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. என்னுடையதை எடுத்து மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வரும்போது பஸ் வடலூரில் நின்றது. "இறங்குக்கா" என்றான். எதற்கு என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். எந்நேரமும் எல்லோருக்கும் சோறு போடுகிற தருமசாலைக்குத்தான் கூட்டிக்கொண்டு போனான். பந்தியில் உட்கார்ந்தோம். சோறு, ரசம், ஒரு பொரியல். அவன் சாப்பிட்டதைப் பார்த்தேன். இலை காலியாக ஆக, கையை நீட்டி மறுசோறு கேட்டு வாங்கினான். எங்கள் வீட்டில் மூன்று வாய்க்கு மேல் சாப்பிடாதவன்.

"ஒவ்வொரு தடவையும் இங்கதான் வருவியா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க்கா. இங்க சாப்பிட்டா எத்தினி தபா கொல்லைக்குப் போனேன்னு யாரும் எண்ண மாட்டாங்க" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ரசத்தை வழித்துக்கொண்டே சொன்னான். "உன் வூட்ல ஒரு வாய் வைக்கறப்பவே அந்தத் தாப்பா சத்தந்தான் ஞாபகம் வரும். பயந்துகினே சாப்பிட்டா எறங்குமா? அதான் கொஞ்சமா சாப்பிட்டுட்டு எழுந்துடுவேன்."

அவன் இளைத்ததைத்தான் நான் சாட்சியாக டாக்டர் முன்னால் வைத்தேன். அந்த இளைப்பில் நோய் கொடுத்தது எவ்வளவு, நான் கொடுத்தது எவ்வளவு என்று எனக்குத் தெரியவில்லை. பந்தியில் அத்தனை பேர் நடுவில் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். "அழுவாதக்கா, சோறு ஆறுது" என்றான்.

வீட்டுக்கு வந்ததும் காலண்டர் தாளை என் கணவர் முன்னால் பிரித்து வைத்தேன். "அதைப் போட்டா வறட்டு இருமலா வருதும்மா. சொன்னா நீ நம்ப மாட்டே" என்றார். அவரையும் டாக்டரிடம் அனுப்பி மாத்திரையை மாற்றினோம்.

தம்பிக்குப் பரிசோதனையில் வேறு தொற்றும் கொஞ்சம் இருந்தது. அதற்கு மருந்து கொடுத்தார்கள். ஒரேயடியாகக் குணமாகிவிடவில்லை. இன்றும் பத்து நாள் நன்றாக இருப்பான், இரண்டு நாள் படுத்தும். ஆனால் எடை ஏறியது, வேலைக்குப் போகிறான், எங்களோடுதான் இருக்கிறான். அவனுடைய தட்டும் டம்ளரும் எங்கள் பாத்திரங்களோடு கலந்து, எது யாருடையது என்று தெரியாமல் போய்விட்டது. டிரங்குப் பெட்டியை இன்னும் பூட்டுகிறான். பூட்டட்டும்.

சந்தேக புத்தி என்னை விட்டுப் போய்விட்டது என்று சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். பாலை இப்போதும் தொட்டுப் பார்க்கிறேன். மாத்திரை போட்டதும் கணவரை வாயைத் திறந்து காட்டச் சொல்கிறேன். ஆனால் கொல்லைப்புறம் அந்தத் தகரக் கதவை நோக்கித் தம்பி நடந்தால் மட்டும், அரைக்க ஒன்றுமே இல்லாவிட்டாலும் மிக்சியைப் போட்டுவிடுகிறேன். என் காதில் எதுவும் விழவில்லை என்று அவனுக்குத் தெரிய வேண்டும். ஒருவன் வயிறாரச் சாப்பிட அதுவும் தேவைப்படுகிறது என்பதை என் தம்பியிடம்தான் நான் கற்றுக்கொண்டேன்.