எஸ்தரின் கோணல் அச்சு

பாளையங்கோட்டையிலிருந்து எஸ்தரின் தம்பி எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு ட்ரங்க் கால் போட்டிருந்தான். “அக்கா போயிட்டா” என்றான். லைனில் ஒரே இரைச்சல். மறுபடி சொல்லச் சொன்னேன். பாவம், இரண்டாம் முறையும் சொன்னான். சிகிச்சைக்கு ஊருக்குப் போனவள் திரும்பி வருவாள் என்றுதான் தில்லியில் நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம்.

இந்த அஞ்சலியில் அவளை ‘அவர்’ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், வரவில்லை. வேலையில் சேர்ந்த முதல் வாரமே என்னை “ஏட்டி” என்று கூப்பிட்டவள் அவள். கும்பகோணத்துக்காரியான எனக்குச் சுருக்கென்றது. “எங்கூர்ல பிரியமா இருக்கவங்கள அப்படித்தான் கூப்பிடுவோம், கோவிச்சுக்காத” என்றாள். கோபம் ஆற எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

அவளை அறிந்தவர்களுக்கு அந்தச் செங்கோணப் பட்டை மறந்திருக்காது. சிறு விமானத்தின் இறக்கைக்குள் பொருத்த வேண்டிய, ‘எல்’ எழுத்துபோல் மடிந்த துண்டு அது. கார்பன் இழைத் துணியைப் பிசினில் தோய்த்து, இரும்பு அச்சின்மேல் அடுக்கி, உலையில் வைத்து இறுக வைப்போம். அச்சு அப்பழுக்கில்லாத செங்கோணம். ஆறியபின் கழற்றினாலோ பட்டையின் கோணம் உள்பக்கமாக ஒடுங்கியிருக்கும். ஒவ்வொரு முறையும் இதே கதை. வெளிநாட்டிலிருந்தே வாங்கிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு அடிபட்டது. அப்படி வாங்கினால் எங்கள் பிரிவையே மூடிவிடுவார்கள்.

“போல்ட் போட்டு இழுத்துப் பொருத்திடலாமே” என்றார் பிரிவுத் தலைவர்.

“இழுத்துக் கட்டினா அன்னைக்கு நிக்கும் சார், பொறவு விரிசல் விட்டுரும்” என்றாள் எஸ்தர். “அது ஒடுங்கத்தான் செய்யும். எவ்வளவு ஒடுங்குதோ, அவ்வளவு அச்சை விரிச்சு வச்சிருவோம்.”

பட்டறை ஃபோர்மன் சிரித்தார். “டேடா சாஞ்சா, மேடம்?” கோணல் அச்சா என்று இந்தியில் கேட்கிறார். அன்றிலிருந்து பட்டறையில் அவள் பெயர் ‘டேடி மேடம்’, கோணல் மேடம். வரைபடப் பிரிவு, கோணம் தவறு என்று அச்சின் வரைபடத்தைத் திருப்பி அனுப்பியது. அவளே அதை எடுத்துக்கொண்டு போய், அவர்கள் சம்மதிக்கும்வரை மேஜை முன்னால் நின்றாள்.

அப்படிச் சண்டை போட்டு வாங்கிய அச்சில் வந்த பட்டை இந்த முறை வெளிப்பக்கமாக விரிந்துகொண்டது. “போதும் எஸ்தர். இங்க முடியாதுன்னு எழுதிடறேன்” என்றார் தலைவர். எனக்கும் அலுத்துவிட்டது. “விட்டுத் தொலையேன், நமக்கு வேற வேலையா கிடைக்காது?” என்றேன்.

அவளுக்கு வந்த கோபத்தை அன்றுதான் பார்த்தேன். “முடியாதுன்னு ஒருக்க எழுதிட்டாங்கன்னா, பொறவு ஒருத்தனும் இங்க இதத் தொட மாட்டான்ட்டி. வா, அளப்போம்.”

மே மாத வெயிலில், அந்த உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அளந்தோம். அச்சின் விரிவைக் கொஞ்சம் கொஞ்சமாக ராவிக் குறைத்தோம். கடைசியில் வந்த பட்டையின்மேல் தலைவர் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார். இடையில் துளி வெளிச்சம் தெரியவில்லை, சரியான செங்கோணம். இறக்குமதிப் பேச்சு அதோடு நின்றது. எஸ்தர் முகம் கழுவிக்கொண்டு டீ குடிக்கப் போனாள்.

அவள் மேஜை காலியாகக் கிடக்கிறது. ஆனால் வேலை நிற்கவில்லை. அடுத்த பட்டை இப்போது என் பொறுப்பில். நேற்று, நான் கோணத்தை விரித்து வரைந்திருந்த அச்சின் வரைபடம் ‘கோணம் தவறு’ என்ற சிவப்பு மைக் குறிப்போடு திரும்பி வந்தது. எஸ்தரிடமிருந்து நான் கற்றுக்கொண்டது அந்த நிமிடத்தில் கைக்கு வந்தது. ‘தெரியும். அப்படியே செய்யவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.