குடைத்துணிக் கால்சட்டை

எங்கள் ஊரில் குளிர் என்பது மார்கழி மாதத்தில் விடியற்காலை நான்கு மணிக்கு வந்து ஏழு மணிக்குப் போய்விடும் ஒரு விருந்தாளி. அந்த மூன்று மணி நேரத்துக்காகத் திருவண்ணாமலையில் வயதானவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு குரங்குக் குல்லாய் வைத்திருந்தார்கள். மலைமேல் வெயில் பட்டதும் குல்லாயைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, வருஷம் முழுவதும் செய்வதுபோல் விசிறிக்கொள்ளத் தொடங்குவார்கள். அந்த ஊரிலிருந்துதான் என் அம்மா இமயமலைக்குப் பனிச்சறுக்கு பழகப் போனாள்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் நான்காவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மா பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு டீச்சர். கல்லூரி நாட்களில் நீண்ட தூர ஓட்டத்தில் ஓடியவள். கல்யாணமாகி நான் பிறந்த பிறகும் அவள் ஓட்டத்தை விடவில்லை. தினமும் விடிவதற்கு முன்பே துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கிரிவலப் பாதையில் பாதி தூரம் ஓடிவிட்டு வந்து இட்லி ஊற்றுவாள். மலையைச் சுற்றி நடப்பவர்களை எல்லோரும் கும்பிடுவார்கள். ஓடுகிறவளை மட்டும் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அதை அவள் பொருட்படுத்தியதே இல்லை.

தீபம் முடிந்து ஊரில் கூட்டம் வடிந்த வாரத்தில் அந்தக் கடிதம் வந்தது. உடற்கல்வி ஆசிரியர்களுக்கான பனிச்சறுக்குப் பயிற்சி, பதினைந்து நாள், இமயமலையில். அம்மாவைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவள் விண்ணப்பம் போட்டதே எங்களுக்குத் தெரியாது. அப்பா கடிதத்தை இரண்டு முறை படித்தார். வேங்கிக்காலில் கலெக்டர் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தவர் அவர். எந்தக் காகிதத்தையும் இரண்டு முறை படிக்காமல் வாய் திறக்க மாட்டார். பிறகு, "போயிட்டு வா" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். அம்மா அடுப்படியில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வியர்வை என்று நினைத்தேன்.

கடிதத்தோடு ஒரு பட்டியலும் வந்திருந்தது. சறுக்குக் கட்டையும் பூட்ஸும் அங்கேயே கொடுப்பார்கள். உடைகளை அவரவர் கொண்டுவர வேண்டும். அப்பா அதைத் தம் முத்து முத்தான கையெழுத்தில் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டினார். உடம்போடு ஒட்டும் கம்பளி உள்சட்டை, ஸ்வெட்டர், காற்றும் ஈரமும் புகாத மேல்சட்டை, கால்சட்டை, கையுறை, கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி, காதை மூடும் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. கடைசி வரியை மட்டும் சிவப்பு மையில் எழுதியிருந்தார்: இவற்றில் ஒன்று குறைந்தாலும் பனியில் இறங்க அனுமதி இல்லை.

தேரடித் தெருவில் அம்மாவும் நானும் ஏறாத ஜவுளிக்கடை இல்லை. எல்லாக் கடையிலும் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "ஊட்டிக்காங்க?" அம்மா ஆமாம் என்று சொல்லிவிடுவாள். உண்மையைச் சொன்ன முதல் கடையில் நான்கு பேர் வேலையை விட்டுவிட்டுக் கூடிவிட்டார்கள். அவள் என்ன கேட்டாள் என்பதையே மறந்துபோனார்கள். அன்று முழுக்க அலைந்து, குழந்தைகளின் ஸ்வெட்டர்களுக்கு நடுவே பெரியவர்களுக்கான ஒரே ஒரு நீல ஸ்வெட்டரைக் கண்டுபிடித்தோம். குரங்குக் குல்லாய் மட்டும் எந்த நிறத்தில் கேட்டாலும் கிடைத்தது.

அப்போதுதான் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. அடி அண்ணாமலையில் வீடு. லாரி ஓட்டிக்கொண்டு காஷ்மீர் எல்லை வரை போய் வந்தவர். எங்கள் குடும்பத்திலேயே பனியைக் கண்ணால் பார்த்த ஒரே ஆள் என்ற மரியாதை அவருக்கு உண்டு. அவர் எங்கோ வடக்கே வாங்கிய பழைய ராணுவ ஓவர்கோட் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, அம்மாவுக்குப் போட்டுவிட்டார். அது முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அம்மா கையைத் தூக்கிப் பார்த்தாள். கை இடுப்புக்கு மேல் வரவில்லை.

"இது ஒண்ணு போதும்க்கா. மத்ததெல்லாம் வேஸ்ட்டு," என்றார் மாமா.

அம்மா அவர் மனம் நோகாதபடி கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். ஆணி பெயர்ந்து விழுந்தது.

கிரிவலப் பாதையில் அம்மா தினமும் எதிரில் பார்த்துத் தலையசைக்கும் ஒரு வெள்ளைக்கார அம்மாள் இருந்தார். ஆசிரமத்துப் பக்கம் வீடு எடுத்து நாலைந்து வருஷமாகத் தங்கியிருந்தவர். அவருடைய ஊரில் ஆறு மாதம் பனி என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஒருநாள் காலை அம்மா ஓட்டத்தை நிறுத்தி, தெரிந்த ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னாள். அன்று சாயங்காலமே அவர் சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அம்மா சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பருத்திப் பனியன்களை ஓரமாகத் தள்ளினார். ஓவர்கோட்டைப் பார்த்துச் சிரித்தார். அன்று வந்திருந்த மாமா சிரிக்கவில்லை.

"பெரிய சட்டை ஒண்ணு வேணாம். சின்ன சட்டை மூணு, மேலே மேலே," என்று விரல்களைக் காட்டினார். "பருத்தி வேர்வை குடிக்கும். அப்பறம் குளிரு."

அம்மாவுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வேர்வையைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஓடி முடித்து நின்றதும் நனைந்த துணி முதுகில் சில்லென்று ஒட்டுவதை அன்றாடம் அனுபவிக்கிறவள். அங்கே ஏறும்போது வேர்க்கும், நின்றால் உறையும். ஆகவே குளிரை விட ஈரத்துக்குத்தான் பயப்பட வேண்டும் என்று அவளே அப்பாவுக்கு விளக்கினாள். மறுநாள் அந்த அம்மாள் தம்முடைய கம்பளி உள்சட்டை ஒன்றையும், கையுறைகளையும், ஓரங்களிலும் வெளிச்சம் புகாத கறுப்புக் கண்ணாடியையும், தாமே பின்னிய சாம்பல் நிறக் காலுறைகள் இரண்டு ஜோடியையும் கொண்டுவந்து கொடுத்தார்.

காற்றும் ஈரமும் புகாத மேலுடைதான் எங்கும் கிடைக்கவில்லை. மழைக்கோட்டுத் துணி மடித்த இடத்தில் விரிசல் விடும் என்று அம்மா வேண்டாம் என்றாள். இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் குடை ரிப்பேர் செய்கிறவரிடம் போய், கறுப்புக் குடைத்துணியை மீட்டர் கணக்கில் கேட்டாள். அவர் இவ்வளவு பெரிய குடை எதற்கு என்று கேட்டிருக்கிறார். அந்தத் துணியைத் தையற்காரரிடம் கொடுத்து, கால்சட்டையும் மேல்சட்டையும் கையுறைக்கு மேல் மாட்டிக்கொள்ளும் உறையும் தைக்கச் சொன்னாள். தையற்காரர் பாவாடை ரவிக்கைகளோடு வாழ்ந்தவர். பெண்பிள்ளைக்குக் கால்சட்டை, அதுவும் குடைத்துணியில். அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றார். அம்மா சாக்குக்கட்டியை வாங்கி, எங்கே இரட்டைத் தையல், எங்கே எலாஸ்டிக், உட்கார்ந்து எழுந்தால் கிழியாமல் இருக்க எவ்வளவு தொளதொளப்பு என்று துணிமேலேயே கோடு போட்டுக் காட்டினாள். அன்று எனக்கு அம்மாவை விடக் கெட்டிக்காரி உலகத்தில் இல்லை என்று தோன்றியது. இன்றும் அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்ளக் காரணம் கிடைக்கவில்லை.

ஆனால் அதே வாரத்தில் என் வகுப்புப் பெண் ஒருத்தி, பனியில் போகிறவர்கள் நின்ற இடத்திலேயே கட்டையாகிவிடுவார்கள், கோடைக்காலம் வந்தால்தான் எடுக்க முடியும் என்று சொல்லிவிட்டாள். அவள் அப்பா போஸ்ட்மேன். அதனால் அவள் சொல்வதில் எங்களுக்கு நம்பிக்கை அதிகம். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. சுவரில் அப்பாவின் சிவப்பு வரியை மறுபடி மறுபடி படித்தேன். ஒன்று குறைந்தாலும் அனுமதி இல்லை. ஒன்றைக் குறைத்துவிட்டால் போதும். அம்மா பத்திரமாகத் திரும்பி வந்துவிடுவாள்.

காலுறைகள் இரண்டு ஜோடியையும் எடுத்து, யாரும் நினைத்தே பார்க்காத இடம் என்று நான் நம்பிய அரிசி டிரம்முக்குள் எட்டிய வரை கையை விட்டுப் புதைத்தேன். அந்த வீட்டில் தினமும் அரிசி அளப்பவள் அம்மாதான் என்பதை ஏனோ யோசிக்கவில்லை. மறுநாள் காலையிலேயே படியோடு சேர்ந்து ஒரு காலுறை வெளியே வந்தது. அம்மா மற்றவற்றையும் துழாவி எடுத்து, ஒட்டியிருந்த அரிசியை உதறினாள். என்னைப் பார்த்தாள். அப்பாவிடம் சொல்லவில்லை. அடிக்கவும் இல்லை.

"எனக்குக் குளுருமேன்னு பயமா?"

நான் தலையாட்டினேன். கூடவே போஸ்ட்மேன் மகள் சொன்னதையும் சொல்லி அழுதேன். அப்படியெல்லாம் ஆகாது என்று அவள் சமாதானம் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அவள் சமாதானமே சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள் என்றாள்.

ஊருக்கு வெளியே ஒரு ஐஸ் கம்பெனி இருந்தது. அதன் முதலாளியின் மகள் அம்மாவின் கபடி டீமில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மார்கழியிலும் சுள்ளென்று அடித்த வெயிலில், அம்மா உடைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு என்னையும் அப்பாவையும் அங்கே கூட்டிப்போனாள். ஓவர்கோட்டின் மானத்தைக் காப்பாற்ற மாமாவும் அதைப் போட்டுக்கொண்டே மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். கோட்டுக்குள்ளே ஆள் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

ஐஸ் பாளங்களை உமி போட்டு அடுக்கி வைத்திருக்கும் அறை அது. கனத்த கதவைத் திறந்ததும் புகைபோல் ஒரு வெள்ளைக் காற்று வந்து காலைச் சுற்றியது. முதலாளியின் அறையில் உடை மாற்றிக்கொண்டு அம்மா வந்தாள். கறுப்புக் குடைத்துணி உடம்பெல்லாம் சரசரக்க, கண்ணாடியும் குல்லாயுமாக. ஐஸ் உடைக்கிறவர்கள் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். "பாத்துக்கோ. நீ போதும்னு சொல்றவரைக்கும் உள்ள இருக்கேன்," என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மாமாவும் போனார்.

கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தார்கள். நான் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அம்மா குதித்தாள், குந்தி எழுந்தாள், உடைந்த ஐஸ் பாளம் ஒன்றை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினாள். பிறகு ஆடாமல் அசையாமல் நின்றாள். சற்று நேரத்திலேயே மாமா பற்கள் தந்தியடிக்க வெளியே வந்து, வெயிலில் போய் உட்கார்ந்துகொண்டார். வேர்வையில் நனைந்த பனியன் முதுகிலேயே உறைந்துவிட்டது போலிருக்கிறது. "கோட்டு நல்ல கோட்டுதான். உள்ள ஈரம் ஜாஸ்தியாயிடுச்சு," என்று அப்பாவிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அம்மா வரவில்லை. நின்ற இடத்திலேயே கட்டையாகிவிட்டாளோ என்று, அப்பா பிடிப்பதற்குள் கவுனோடு உள்ளே ஓடிவிட்டேன். குளிர் முகத்தில் அறைந்தது. அம்மா குனிந்து என்னைத் தூக்கிக்கொண்டாள். மேல்சட்டையின் கழுத்தைத் தளர்த்தி, என் கையைப் பிடித்து உள்ளே வைத்தாள்.

"தொட்டுப் பாரு."

அடுப்பிலிருந்து இறக்கிய பால் பாத்திரம் போல் அவள் கழுத்து சுட்டது. சுற்றிலும் ஆள் உயரத்துக்கு ஐஸ். என் மூக்கு மரத்துப்போயிருந்தது. அவளுக்குள் மட்டும் எங்கள் ஊர் வெயில் அப்படியே இருந்தது. நான் போதும் என்று சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது, பயத்தால் அல்ல.

வெளியே வந்ததும் அவள் முதலில் பார்த்தது கையுறையைத்தான். உறையின் தையல் வழியாகக் கட்டைவிரல் பக்கம் ஈரம் இறங்கியிருந்தது. வீட்டுக்குப் போனதும் தையலின் மேல் மெழுகுவர்த்தியைத் தேய்த்து அதையும் சரி செய்தாள். பெட்டியில் காலுறைகளை நானே எடுத்து வைத்தேன்.

தை மாதம் அம்மா போனாள். பதினைந்து நாளும் அப்பா சாம்பார் வைத்தார். அதைப் பற்றி நாங்கள் இன்றுவரை பேசுவதில்லை. அம்மா திரும்பி வந்தபோது பனிமேல் பட்டுத் தெறித்த வெயிலில் மூக்கும் கன்னமும் கருகித் தோல் உரிந்திருந்தது. பனி வெள்ளையாக இருப்பதால் அங்கே போனவர்கள் வெளுத்து வருவார்கள் என்று எதிர்பார்த்திருந்த எனக்கு அது பெரிய ஏமாற்றம். ஒரு புகைப்படம் கொண்டுவந்திருந்தாள். சிவப்பும் மஞ்சளுமாக உடுத்திய பெண்களுக்கு நடுவே அவள் மட்டும் கறுப்பாக, கட்டைகளின் மேல் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு நின்றாள். குடைத்துணி வழுக்கியதால் விழுந்தால் எல்லோரையும்விட அவள்தான் அதிக தூரம் போவாளாம். ஆனால் ஒருநாள்கூடக் குளிரவில்லையாம். கடைசி நாளில் உச்சியிலிருந்து அடிவாரம் வரை விழாமல் வந்த சிலரில் அவளும் ஒருத்தி. மாமா அந்தப் படத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு லாரி போன ஊரெல்லாம் காட்டினார்.

எனக்கு வேறு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. அவள் பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன், அங்கே என்னை எப்போதும் நினைத்தாளா என்று. ஆமாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அம்மாவுக்குப் பொய் வராது. கையிலிருந்த துணியை மடியில் வைத்துக்கொண்டு யோசித்தாள்.

"எழுந்தா உன் நெனப்புதான். சாப்பிடறப்ப, படுக்கறப்ப எல்லாம் நெனச்சேன். மேலேர்ந்து சறுக்கி வருவேன் பாரு, அப்ப மட்டும் நெனைக்கல."

"அப்ப யாரை நெனச்ச?"

"யாரையும் நெனைக்கலடி," என்றாள். சொல்லும்போது அவள் முகம், நான் அதுவரை பார்க்காத ஒரு பெண்ணின் முகம் போல இருந்தது.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு நாள் அவளைத் தலை பின்ன விடவில்லை. அப்பாவே ஏதோ முடிச்சுப் போட்டு அனுப்பினார். மூன்றாம் நாள் அம்மா என்னைப் பிடித்து உட்காரவைத்து எண்ணெய் தடவினாள். மேலேயிருந்து கீழே வர எவ்வளவு நேரம் ஆகும் என்று முறைப்போடு கேட்டேன். ஒரு நிமிஷம் இருக்கும் என்றாள். ஒரு நிமிஷம்தானே என்று பெரிய மனசு பண்ணி அவளை மன்னித்துவிட்டேன். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவள் அவ்வளவு தூரம் போனாள் என்பது அன்று எனக்குத் தெரியாது.