அப்பாவின் ஓடாத வண்டி

என் அப்பா எங்கள் வீட்டு கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த நாட்களைப் பற்றி எழுதுகிறேன். காலையில் காபி குடித்து முடித்ததும் ஆரம்பித்துவிடுவார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "தெறந்து வுடுங்க, வூட்டுக்குப் போவணும்" என்பார். இதில் வேடிக்கை என்னவென்றால் அதுதான் அவருடைய வீடு. சிங்கப்பூர் ஷிப்யார்டில் வெந்து சம்பாதித்து, பூலாம்பாடியில் ஊரே நின்று பார்க்கும்படி அவர் கட்டிய வீடு. மறதி நோய் என்று பெரம்பலூர் டாக்டர் சொல்லி, மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை போட்டால் அப்பா தூங்கினார். எழுந்ததும் மறுபடி கேட்டுக்குப் போனார்.

கேட்டைப் பூட்டியது நான்தான். பூட்டாமல் விட்ட நாட்களில் அவர் அரும்பாவூர் ரோட்டில் டிப்பர் லாரிகளுக்கு நடுவே நடந்துகொண்டிருப்பார். தெரிந்தவர்கள் யாராவது டூவீலரில் உட்கார வைத்துக் கொண்டுவந்து விடுவார்கள். "தப்பான வூட்டுல எறக்கி வுடுறீங்களே" என்று அவர்களிடமும் சண்டை பிடிப்பார்.

அம்மாவை அவர் தன் அக்கா என்று நினைத்துக்கொண்டார். "இத்தினி வருசம் குடும்பம் நடத்துனதுக்கு எனக்கு அக்கா பட்டம் குடுத்துட்டாரு உங்கப்பா" என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். சிரித்து முடித்ததும் அடுப்படிக்குள் போய்விடுவாள். என்னை அவர் டீச்சர் என்று கூப்பிட்டார். நான் பெரம்பலூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர் என்பது உண்மைதான் என்பதால் அதை மறுக்கவும் வழியில்லை. எனக்குக் கல்யாணம் ஆகி, அது முறிந்தும் போய், பெற்றவர்களோடு வந்து இருக்கிறேன். நான் அவருக்கு ஒரே பெண். அந்த வாயிலிருந்து 'பாப்பா' என்ற சொல் மறுபடி ஒரு தடவை வந்துவிடாதா என்று ஏங்கினேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், பிச்சைக்காரி மாதிரி ஏங்கினேன்.

ஒருநாள் கேட்டில் அவரை இழுத்துப் பிடிக்கப் போய் அம்மாவுக்குக் கை பிசகிவிட்டது. தாய்மாமா வந்து பார்த்துவிட்டு, "திருச்சியில ஒரு இல்லம் இருக்கும்மா, இந்த மாதிரி ஆளுவள நல்லா பாத்துக்கறாங்க, சேத்துடு" என்றார். கோடை லீவு முடிவதற்குள் ஒரு முடிவு சொல்வதாக ஒப்புக்கொண்டேன். சொந்த வீட்டில் சாக வேண்டும் என்பதற்காகவே வாழ்நாளையெல்லாம் அன்னிய தேசத்தில் கழித்த மனிதரை இன்னொரு அன்னிய இடத்தில் கொண்டுபோய் விடுவதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் அவர் வண்டியைக் கேட்க ஆரம்பித்தார். "என் வண்டி எங்க டீச்சர்? வண்டி இருந்தா உங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன். நானே வூட்டுக்குப் போயிக்குவேன்."

வண்டி இருந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு லீவில் வந்து வாங்கிய சிவப்பு டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள். அதன் பேரைச் சொன்னால் இன்றைக்கும் சில ஆம்பிளைகளுக்குக் கண் கலங்கும், பெண்டாட்டி பிறந்தநாள் மறந்திருக்கும். சிங்கப்பூர் வேலையை விட்டு ஒரேயடியாக வந்தபோது அப்பாவுக்கு முழங்கால் கெட்டிருந்தது, கிக்கரை உதைக்க முடியவில்லை. மொபெட் வாங்கிக்கொண்டார். சிவப்பு வண்டி பின்பக்கத் தகரக் கொட்டகையில் வெங்காயச் சாக்குகளுக்கு அடியில் போய்விட்டது.

அதை இழுத்து வந்து அவர் முன்னால் நிறுத்தினேன். டேங்கில் பெயிண்ட் வெளுத்துப் பொரிந்திருந்தது. டயர் வெடித்திருந்தது. சைலன்சர் வாயில் குளவி கூடு கட்டியிருந்தது. அப்பா மரியாதையாகத்தான் பேசினார். "இது பழைய இரும்புக் கடைக்குப் போற வண்டிங்க டீச்சர். என்னுது புதுசு."

அன்று என் புத்தி கணக்கு டீச்சர் புத்தியாகவே வேலை செய்தது. வண்டி புதுசாக இருந்தால் அது தன் வண்டி என்று தெரியும். வண்டி தன்னுடையது என்றால் அது நிற்கிற வீடும் தன்னுடையது. வீடு தன்னுடையது என்றால் உள்ளே இருக்கிறவள் யார்? ஒவ்வொரு படியும் சரியாகத்தான் இருந்தது. வண்டியைப் புதுசாக்குகிற வரை இல்லத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்று மாமாவிடம் கறாராகச் சொல்லிவிட்டேன். "புத்தி உனக்கும் கலங்கிடுச்சா?" என்று கேட்டார். போனை வைத்தேன்.

பழைய வண்டிகளைப் புதுசாக்கி வீடியோ போடுகிற மெக்கானிக் ஒருவர் அரியலூரில் இருந்தார். குட்டியானை வேனில் வண்டியை ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் சிமெண்ட் லாரிகள், சுண்ணாம்புக்கல் தூசி. பட்டறைக்காரர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார், பட்டறைக்குள்ளும் அதைக் கழற்றவில்லை. மீட்டரைத் துடைத்துப் பார்த்தவர் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"அஞ்சாயிரம் கிலோமீட்டர் கூட ஓடலையே மேடம். இன்ஜின் பிரிக்கவே இல்ல. இது வண்டி இல்ல மேடம், பொக்கிஷம். யாரு இவ்ளோ பொத்திப் பொத்தி வச்சிருந்தது? லக்கு மேடம் உங்களுக்கு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. முப்பது வருஷத்து வண்டி அஞ்சாயிரம் கூட ஓடவில்லை என்றால், ஓட்ட வேண்டியவர் வீட்டில் இல்லை என்று அர்த்தம். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, கொஞ்ச நாள் லீவு. அந்தக் கொஞ்ச நாளில் வயலுக்கு, கடைக்கு, பெரம்பலூர் சினிமாவுக்கு, ஒரு பங்குனியில் கல்லங்குறிச்சித் தேருக்கு. என் அப்பா எனக்குக் கிடைத்தது மொத்தமும் அந்த மீட்டருக்குள் இருந்தது. அந்த ஆளிடம் "எப்பத் தருவீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

அடுத்து பெயிண்ட் சண்டை. பெயிண்டைத் தொடவே மாட்டேன் என்றார் அவர். "கம்பெனி பெயிண்டு மேடம். வெளுத்திருந்தாலும் அதுதான் மதிப்பு. கழுவி, இன்ஜின ஓட விட்டு அப்பிடியே குடுக்கறேன். மெட்ராஸ்ல இருந்து வந்து அள்ளிக்கிட்டுப் போவானுங்க."

"மெட்ராஸ்காரனுக்குத் தெரிய வேணாங்க. எங்கப்பாவுக்குத் தெரியணும். ஷோரூம்ல இருந்து எறக்குன மாதிரி வேணும்."

"பாவம் மேடம் அது."

"பாவம் என் தலையில இருக்கட்டும்."

மனசே இல்லாமல் சம்மதித்தார். சீட்டைக் கழற்றியபோது அதன் அடியில் வெயில் படாத ஒரு கையகல இடம் இருந்தது. அங்கே மட்டும் பழைய சிவப்பு அப்படியே பளபளத்தது. அதை விரலால் தொட்டுக் காட்டினேன். அதே சிவப்பு வேண்டும் என்றேன். கலர் கலக்குகிறவர் கொண்டுவந்த முதல் சிவப்பு தக்காளி மாதிரி இருந்தது, திருப்பி அனுப்பினேன். இரண்டாவது குங்குமம் மாதிரி இருந்தது, அதையும் அனுப்பினேன். பட்டறைக்காரர் என்னைப் பார்த்தால் டீக்கடைக்கு நழுவ ஆரம்பித்தார்.

வேலை இழுத்துக்கொண்டே போனது. டேங்குக்குள் துரு. கார்புரேட்டரில் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருந்தது. ஒயரை எலி கடித்திருந்தது. ரிம்முக்கும் சைலன்சருக்கும் குரோம் பூச திருச்சிக்கு அனுப்பினால் அங்கே ஆள் லீவு. ஹெட்லைட் வளையம் எங்கேயும் கிடைக்கவில்லை. போன் பண்ணினால் "நாளைக்கு மேடம்" என்பார். அங்கே துரு போகப் போக இங்கே அப்பா போய்க்கொண்டிருந்தார். சட்டைப் பொத்தான் மறந்தது. சோற்றைப் பிசைய மறந்தது. பிறகு ஒரு வாரம் வண்டி என்ற பேச்சையே எடுக்கவில்லை. நான் பயந்தே போனேன். கேட்டை ஆட்டுகிற மனிதரிடம் நானே போய், "உங்க வண்டி எங்கங்க?" என்று எடுத்துக் கொடுத்தேன். வெறுமனே பார்த்தார். அன்று பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு வாய்விட்டு அழுதேன்.

மறுநாளே பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டுவிட்டு அரியலூருக்குப் பஸ் ஏறி, பட்டறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். "முடியற வரைக்கும் தினம் வருவேன்" என்றேன். சும்மா உட்காரப் பிடிக்காமல் எமரி பேப்பரை வாங்கி ஸ்போக்ஸ் கம்பிகளைத் தேய்த்தேன். விரல் நுனி தோல் போனது. பட்டறைக்காரர் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார். ஹெட்லைட் வளையத்தைத் தன் சொந்தச் சேகரிப்பு வண்டியிலிருந்து கழற்றி மாட்டியது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதுவரை அவரை எத்தனை திட்டியிருப்பேன்.

கடைசியில் ஒருநாள் பட்டறைக்காரர் கிக்கரை உதைத்தார். உதைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சைலன்சர் நீலப் புகையாகக் கக்கி, அந்தச் சத்தம் வந்தது. தெருமுனையில் வரும்போதே எனக்கு அடையாளம் தெரிகிற சத்தம். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன். அவர் போனை என் முகத்துக்கு நேரே நீட்டி, "சேனலுக்கு ரெண்டு வார்த்தை பேசுங்க மேடம்" என்றார். நான் பேசிய இரண்டு வார்த்தையை அவர் வீடியோவில் போட முடியாது.

வண்டி வீட்டுக்கு வந்த காலையில் கேட்டை அகலத் திறந்து வைத்தேன். குட்டியானையிலிருந்து இறக்கி வாசல் சிமெண்ட் தரையில் ஸ்டாண்ட் போட்டோம். வெயில் பட்டு டேங்க் கண்ணைக் கூச வைத்தது. புது வண்டிதான். அப்பாவைக் கைபிடித்துக் கூட்டி வந்தேன்.

அவர் நின்றார். வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். குனிந்து பெட்ரோல் டேப்பைத் தொட்டுப் பார்த்து மூடினார். வேட்டி முனையால் மீட்டர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு நிமிர்ந்து வீட்டைப் பார்த்தார். அடுத்து என்னைப் பார்த்தார். இத்தனை காலம் என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த பார்வை என் மேல் வந்து நின்றது.

"பாப்பா" என்றார்.

"அப்பா" என்று கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் என் தலையைத் தடவினார். அவர் கண் நிறைந்திருந்தது.

"அழுவக் கூடாது. அம்மாவப் படுத்தாம இருக்கணும். நல்லாப் படிக்கணும். அப்பா அடுத்த லீவுக்குச் சீக்கிரமா வந்துடுவேன். என்ன?"

எனக்குப் புரியவில்லை. வாசற்படியில் நின்ற அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. "அய்யோ" என்று அங்கேயே உட்கார்ந்தாள். "லீவுல இருக்கற வரைக்கும் வண்டி சேறும் சகதியுமாத்தான் கெடக்கும்டி. கெளம்புற அன்னிக்கித்தான் கழுவி, எண்ணெ போட்டு, புதுசாட்டம் தொடச்சி வப்பாரு. வண்டி பளபளன்னு இருந்தா நான் அந்தப் பக்கமே போவ மாட்டேன்."

அப்பா என் விரல்களை ஒவ்வொன்றாக, மெதுவாகப் பிரித்தார். "ஏர்போட்டுக்கு நேரமாச்சு பாப்பா. போயிட்டு வரேன்." திறந்த கேட்டை நோக்கி நடந்தார். நான் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினார், நடந்தார். எத்தனை மாதப் பாடு, இப்படி அவரைக் கிளப்பி விடுவதற்கா என்று என் தலையில் நானே அடித்துக்கொண்டேன்.

அம்மா எழுந்தாள். குழாயடிக்குப் போனாள். பிசகிய கையோடு இரண்டு கை நிறையச் சேற்றை அள்ளி வந்து அந்தச் சிவப்பு டேங்கில் சொத்தென்று அப்பினாள். மட்கார்டில் அப்பினாள். குரோமில் பூசினாள். பூசிவிட்டுக் குரல் கொடுத்தாள்.

"இங்க பாருங்க. வண்டி சேறா கெடக்கு. இப்பிடியே போட்டுட்டா போவீங்க?"

அப்பா கேட்டில் நின்றார். திரும்பி வந்து பார்த்தார். "அட, ஆமா" என்றார். "துணி குடுங்கக்கா. கழுவணும்ல." சிமெண்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்தார். அம்மா சேற்றுக் கையை மடியில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சிங்கப்பூருக்குக் கெளம்புனப்பவே இதச் செஞ்சிருக்கணும்" என்றாள்.

கேட்டை இப்போது பூட்டுவதில்லை. மாமாவிடம் இல்லம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நான் பள்ளிக்கூடம் கிளம்புமுன் வண்டியில் சேறு பூசிவிட்டுப் போகிறேன். அப்பா நாளெல்லாம் நிதானமாகத் துடைக்கிறார். முடிக்கப் போகிற சமயம் பார்த்து அம்மா இன்னொரு பிடி அப்பிவிடுவாள். சேறு இருக்கிற வரை அவர் எங்கேயும் போவதில்லை. சேறு இருக்கிற வரை நான் டீச்சர்தான்.

சில ஞாயிற்றுக்கிழமைகளில் என்னால் முடிவதில்லை. அம்மா கோயிலுக்குப் போயிருக்கும்போது நானே தண்ணீர் ஊற்றி, துணி போட்டு, வண்டியைப் புதுசாகத் துடைத்து வைப்பேன். பிறகு அப்பாவைக் கூட்டிவந்து அதன் முன்னால் நிறுத்திவிட்டு, அவர் என்னைப் 'பாப்பா' என்று கூப்பிட்டு விடைபெறக் காத்திருப்பேன்.