டிரெய்ன் பாட்டிலுக்கு நான் தைத்த பை

அறுவை சிகிச்சை முடிந்த ஐந்தாம் நாள், மதுரை ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸ் என் கையில் ஒரு பிளாஸ்டிக் பாட்டிலைக் கொடுத்தார். அதன் டியூப் என் மனைவி செல்வியின் இடது விலாவுக்குள் போனது. மார்பகத்தை எடுத்த இடத்தில் ஊறும் நீரை இழுக்கும் டிரெய்ன் (வடிகுழாய்) அது.

"நீர் குறையுற வரைக்கும் இருக்கும். பாட்டில் தொங்கி டியூபை இழுத்துறக் கூடாது. துணிப்பை தச்சு மாட்டி விட்ருங்க" என்றார். பை தைப்பது பல் விளக்குவதைப் போல எல்லோருக்கும் வரும் என்று நினைத்துவிட்டார்.

புற்றுநோய் என்று கேட்டபோதுகூட நான் இவ்வளவு பயப்படவில்லை. அப்போது சுற்றிலும் டாக்டர்கள் இருந்தார்கள். தேவிபட்டினத்துக்கு மேற்கே எங்கள் ஊருக்கு வந்த பிறகு, நானும் அந்த பாட்டிலும்தான்.

"டெய்லர்ட்ட குடுப்பமா?" என்று கேட்டேன்.

"வேணாம். எதுக்கு, என்னன்னு கேப்பாக. ஊரு பூராத் தெரிஞ்சுபோகும். நீங்களே தைங்க."

நான் குண்டு மிளகாய் போடுகிற விவசாயி. மூட்டையின் வாயைக் கோணி ஊசியால் தைத்ததோடு சரி. வீட்டில் இருந்ததிலேயே மிருதுவான பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, மடித்து, இரு பக்கமும் தைத்தேன். மூட்டைக்குப் போடுவதுபோல எட்டி எட்டித் தையல். செல்வி அந்த இடைவெளியில் விரலை விட்டுக் காட்டினாள். பிரித்து, நெருக்கித் தைத்தேன். பையைப் புரட்டினால், வெளியே வைத்துத் தைத்த வார் உள்ளே போய்விட்டது. மூன்றாவது தடவைதான் அது பையாக வந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

யார் கண்ணிலும் படக் கூடாதென்று நைட்டிக்குள், உடம்போடு ஒட்டி மாட்டிக்கொண்டாள். காலையும் மாலையும் அவளே பாட்டிலை எடுத்து நீட்டுவாள். நான் அளவைப் பார்ப்பேன்.

மாட்டிய நான்காம் நாள் பை நழுவியபோதுதான் பார்த்தேன். விலா முழுக்கச் சிவந்து கன்றியிருந்தது. தொட்டால் சுட்டது.

"எப்ப இருந்து?"

"ஒண்ணுமில்ல. ரெண்டு நாளா லேசா எரியுது."

சிவப்பும் சூடும் வந்தால் செல்லுலைட்டிஸ் (தோலுக்கடியில் பரவும் கிருமித்தொற்று) ஆக இருக்கலாம் என்று மதுரையில் எச்சரித்திருந்தார்கள். வந்தால் கீமோ தள்ளிப்போகும். புண்ணை மறுபடி திறக்கவும் வேண்டியிருக்கலாம். ராமநாதபுரம் பஸ்ஸில் அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். காய்ச்சல் இருப்பதுபோலவும் இருந்தது, இல்லாததுபோலவும் இருந்தது. கை கழுவாமல் என்றைக்காவது டியூபைத் தொட்டேனா என்று வழி முழுக்க யோசித்தேன்.

ராமநாதபுரத்தில் பார்த்த பெண் டாக்டர், பையைக் கழற்றி முகத்தருகே கொண்டுபோனார். தும்மினார். மறுபடியும் தும்மினார்.

"இது என்ன துணிங்கய்யா?"

"பழைய வேட்டிங்கம்மா. அலசிக் காயவச்சதுதான்."

"முன்னாடி எதுக்கு வச்சிருந்தீங்க?"

களத்தில் காயும் மிளகாய் வத்தலை மூடுவதற்கு. சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. எத்தனையோ வருஷக் காரம், பச்சைத் தண்ணீரில் அலசினால் போகுமா? பிறந்ததிலிருந்து அந்த நெடியிலேயே கிடக்கும் எங்கள் இருவர் மூக்குக்கும் அது எட்டவே இல்லை.

டியூப் நுழையும் இடத்தை டாக்டர் அழுத்திப் பார்த்தார். சீழ் இல்லை. காய்ச்சலும் இல்லை. "தொற்று இல்ல, மொளகா எரிச்சல்தான். மருந்து தடவுனா ஆறிரும். ஆனா ரெண்டு நாள் மறைச்சது தப்பும்மா" என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, "ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"வெரலக் குத்திக்கிட்டு மூணு தடவ பிரிச்சுத் தச்சீக. எப்புடிச் சொல்றது?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும்தான்.

டியூபோடு வீடு திரும்புகிறவர்களுக்குச் சொல்கிறேன். பைக்குப் புதுப் பருத்தித் துணி வாங்கித் துவைத்துவிட்டுத் தையுங்கள். உடுப்புக்கு வெளியே மாட்டுங்கள். எரிந்தால் உடனே சொல்லுங்கள். தைத்தவருடைய மனசு எப்படியும் ஆறிவிடும்.

டியூபை எடுத்தார்கள். கீமோவும் முடிந்தது. விதைப்பு, பறிப்பு என்று போன எங்கள் வருஷம் இப்போது ஒரு பரிசோதனையிலிருந்து அடுத்த பரிசோதனைக்குப் போகிறது. நடுவில் அவள் இருமினால்கூட அடுத்த தேதியைக் காலண்டரில் எடுத்துப் பார்க்கிறேன்.

நேற்று நான் கேட்காமலேயே கூப்பிட்டாள்.

"இங்கன மரத்துக் கெடக்கு. தொட்டுப் பாருங்க."

தழும்பின் மேல் கையை வைத்தேன். அவள் கண்ணை மூடியிருந்தாள்.

"தொட்டிருக்கீகளா?"

"ம்."

"எனக்குத் தெரியல."

"எனக்குத் தெரியுது" என்றேன். கையை எடுக்கவில்லை.