தொலைபேசியில் அம்மா கேட்ட கிட்டார்

எங்கள் அம்மா சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் உள்ள சந்து ஒன்றில், மளிகைக் கடையின் மேல்மாடியில் பிறந்தார். திருமணமாகிப் புக்கிட் மேரா வந்தவர், அதன்பின் வீடு மாறவே இல்லை. இதே தீவின் மறுகோடியில், தெம்பனிசில் இருக்கும் என் வீட்டில் வந்து தங்கச் சொன்னால், "அவ்வளவு தூரமா? பாஸ்போர்ட் எடுக்கணுமா?" என்பார். துறைமுகத்தில் முதுகில் அடிபட்டு அப்பா வேலையை விட்டபோது, அம்மா ஒரு பள்ளி உணவகத்தில் கடை எடுத்து, மீ கோரெங் என்னும் வறுத்த நூடுல்ஸ் விற்று, என்னையும் தங்கையையும் படிக்க வைத்தார். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் என்ன செய்தேன் என்பது உறவினர்களுக்குத் தெரியும். இங்கே வேண்டாம்.

அம்மாவின் பொறுமை, சிக்கனம், கோயில் தொண்டு பற்றியெல்லாம் தங்கை இந்த நினைவு மலரில் தனியாக எழுதியிருக்கிறாள். எனக்கு ஒதுக்கப்பட்டது கிட்டார். இசை என்றால் கோயில் நாதஸ்வரத்தோடு நிறுத்திக்கொண்டவர், கடையை மூடி ஓய்வெடுக்க வேண்டிய வயதில் கிட்டார் கற்கக் கிளம்பியது ஏன் என்று பலர் கேட்டீர்கள். காரணம், அப்பாவின் கண்.

அப்பாவுக்குக் கண்புரை. அப்பாயின்மென்ட் வாங்கவும், மாற்றவும், மாற்றியதை மறுபடி மாற்றவும் அம்மாதான் மருத்துவமனைக்கு ஃபோன் செய்வார். யாராவது எடுக்கும்வரை அங்கே ஓர் இசை ஓடும். தனிக் கிட்டார். அந்த நேரத்தில் மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். அம்மா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து, பயற்றங்காய் நறுக்கிக்கொண்டே கேட்பார். நான் போயிருந்த ஒருநாள், பேசாதே என்று கையைக் காட்டினார். இசை மெல்ல மேலே ஏறி, எங்கேயோ வந்து சேரப்போகிற நேரத்தில், 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்' என்று பதிவு செய்த குரல் ஒன்று குறுக்கே வந்தது. அது முடிந்ததும் இசை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது.

"ஒவ்வொரு தடவையும் இதே எடத்துல வெட்டிடுறாங்கடா," என்றார். "அது எப்படி முடியுதுன்னு தெரியணும் எனக்கு."

இரண்டாம் சுற்றில் ஒரு பெண் எடுத்துவிட்டாள். அம்மாவின் குரலைக் கேட்டதும் தமிழுக்கு மாறினாள்.

"சாரி ஆன்ட்டி, ரொம்ப நேரம் வெயிட் பண்ணீங்களா?"

"பத்தலம்மா. நீ கொஞ்சம் லேட்டா எடுத்திருக்கலாம். அந்தப் பாட்ட முழுசாப் போடேன்."

"அது முடியாது ஆன்ட்டி, சிஸ்டம் அப்படித்தான் லா. என்ன உதவி வேணும்?"

"ஒண்ணும் வேணாம்," என்று வைத்துவிட்டார். அப்பாயின்மென்ட் கேட்க மறந்துபோனதாகச் சொல்லி மறுபடி அழைத்தார். மறந்தார் என்பதை நான் இன்றுவரை நம்பவில்லை.

வீட்டு அலமாரியின் மேல் ஒரு கிட்டார் கிடந்தது. பெண்களைக் கவர்வதற்காக என் இளமையில் வாங்கியது. கரப்பான்பூச்சிகள் மட்டும் கவரப்பட்டன. அதைத் துடைத்து எடுத்துக்கொண்டு அம்மா சமூக மன்ற வகுப்பில் சேர்ந்தார். ஆசிரியர் ரியாஸ், இளைஞர். என்ன பாட்டு கற்க ஆசை என்று கேட்டாராம். அம்மா ஃபோனை எடுத்து மருத்துவமனை எண்ணை அழுத்தினார். பள்ளிப் பிள்ளைகள் உட்பட வகுப்பே கண் டாக்டருக்காகக் காத்திருந்தது.

பாட்டின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. பாட்டைக் கண்டுபிடிக்கும் செயலி ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பெயர் சொன்னது. அவற்றுள் ஒன்று குழந்தைகள் பல் துலக்கும் பாட்டு. நான் ஸ்பானிய இசை மரபு குறித்து நீண்ட விளக்கம் அளித்தேன். செயலியே தேவலை என்றார் அம்மா.

சூடான சட்டியைத் துணியில்லாமல் இறக்கிப் பழகிய விரல்களுக்குக் கம்பி ஒரு பொருட்டாக இல்லை. அம்மா நன்றாகவே கற்றார். ஆனால் அந்தக் குரல் குறுக்கிடும் இடம் வந்ததும் நிறுத்திவிடுவார். தீபாவளிக்கு வந்திருந்த சித்தப்பா, இப்போது கைதட்டலாமா என்று என்னைப் பார்த்தது நினைவிருக்கிறது.

"நான் ஒரு எண்டிங் போட்டுத் தரேன் ஆன்ட்டி," என்றார் ரியாஸ்.

"நீ போட்டா அது உன் பாட்டு தம்பி. எனக்கு அதோட முடிவுதான் வேணும்."

நானும் ஒன்றைப் பாடிக் காட்டினேன். "இது முடிவு இல்லடா, விபத்து," என்றார்.

பிறகு ஒருநாள் மருத்துவமனையில் இசையை மாற்றிவிட்டார்கள். "பியானோ போட்டுட்டாங்க," என்று அம்மா எனக்கு ஃபோன் செய்து சொன்ன குரலைக் கேட்டு, நெருங்கிய சொந்தத்தில் யாரோ போய்விட்டார்கள் என்று நினைத்தேன். பழைய பாட்டு எது என்று அங்கே விசாரித்தும் பார்த்தார். யாருக்கும் தெரியவில்லை. ஃபோனை எடுக்கும் அவர்கள் பக்கத்தில் அந்த இசை கேட்காதாம்.

அதன்பின் அம்மாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. சிகிச்சை போதும் என்று அவரே முடிவுசெய்து வீட்டுக்கு வந்தார். ஒரு பிற்பகல் ரியாஸ் பார்க்க வந்து கிட்டாரைச் சுருதி சேர்த்துக் கொடுத்தார். அம்மா தலையணையில் சாய்ந்தபடி மெதுவாக வாசித்து, வழக்கமான இடத்தில் நிறுத்தினார்.

"அதுக்கப்புறம் இப்படிப் போகும்," என்றது நாளிதழுக்குப் பின்னாலிருந்து அப்பாவின் குரல்.

அப்பா பாடி நாங்கள் கேட்டதில்லை. தேசிய தினத்தன்று நாட்டுப்பண்ணுக்குக்கூட உதடு மட்டும்தான் அசையும். அவர் முனகினார். சில சுரங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கி, ஓரிடத்தில் உட்கார்ந்தன. ரியாஸ் சத்தமில்லாமல் அவற்றைக் கம்பியில் தேடிப் பிடித்தார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார் அம்மா.

"நீ குளிக்கப் போயிருந்தப்ப நான்தான் ஃபோனப் பிடிச்சிட்டிருந்தேன். அன்னைக்கு அந்தப் பொம்பள குறுக்க பேசல. முழுசாக் கேட்டேன்."

"இத்தன நாளா ஏன் சொல்லல?"

"நீ கேக்கல."

அப்பா நாளிதழுக்குள் திரும்பிப் போனார். அம்மா என்னை அருகில் அழைத்தார். "பொய் சொல்றாருடா," என்றார் காதருகில். "என்னைக்கு அவரு ஃபோன் பிடிச்சிருக்காரு?" பிறகு ரியாஸிடம், "தம்பி, அது எந்தக் கம்பின்னு காட்டு," என்றார்.

அதன்பின் அம்மா வாசித்தபோதெல்லாம் பாட்டு முடிந்தது.

அம்மாவை வீட்டுக்கே வந்து கவனித்த தாதியருக்கும், கிட்டார் சத்தத்தைப் பற்றி ஒருநாளும் குறைசொல்லாத மேல்மாடி மலாய்க் குடும்பத்தாருக்கும், தம்பி ரியாஸுக்கும், இறுதிச் சடங்கில் தோள்கொடுத்த சொந்தபந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. முதலாண்டு நினைவுநாளில் வழிபாடு முடிந்ததும் ரியாஸ் அந்தப் பாட்டை வாசிப்பார். கேட்டுவிட்டு, சாப்பிட்டுப் போங்கள். கடைசியில் வரும் சுரங்கள் அசலானவை என்று அப்பா இன்னமும் சாதிக்கிறார். தயவுசெய்து யாரும் மறுத்துப் பேச வேண்டாம்.